பின்சீட்டுத் தூக்கம்

கடைசி வீட்டுக் கார் சத்தம் போடுவதை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று குழாயில் தண்ணீரும் வரவில்லை என்பதால் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, சக்கரம் உருண்டது, புகைக்குழாய்க் காற்று காய்ந்த இலைகளைத் தள்ளியது. சத்தம் மட்டும் இல்லை. தெருமுனையில் படுத்திருந்த நாய், வண்டி தன் வாலருகே வந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தது. திறந்தும் குரைக்கத் தோன்றாமல் நகர்ந்து வழிவிட்டது.

காரின் சொந்தக்காரர் புவியியல் வாத்தியார். படுத்துக்கொண்டு செய்யக்கூடிய எந்த வேலையையும் அவர் தட்டியதில்லை; நின்றுகொண்டு செய்யும் வேலை எதையும் தொட்டதில்லை. என்ஜின் ஆயிலை வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத்தான் மாற்ற வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை அவருடையதாயிற்று. முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, என்ஜினைச் சற்று ஓடவிட்டு ஆயிலை இளக்கி நிறுத்துவார். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு உள்ளே போவார். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் பேசினில் விழும். அது வடிந்து முடியும்வரை வேறு வேலையில்லை என்பதால் அங்கேயே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். அவசரக்காரர்கள் பாதி வடிந்ததுமே போல்ட்டை மாட்டிவிடுவார்கள். வாத்தியாரின் சோம்பல் கடைசிச் சொட்டு வரை காத்திருந்தது. பிறகு புது பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயிலைத் தடவித் திருகி, போல்ட்டை முடுக்கி, மேலே வந்து புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றுவார். அளவுக்கம்பியைத் துடைத்து, விட்டு, இழுத்துப் பார்ப்பார். பழைய ஆயில் கேனில் ஏறி, அதை வாங்கும் கடைக்குப் போகும். இரும்பும் இரும்பும் நேராக உரசக்கூடாது, நடுவில் ஒரு படலம் வேண்டும், அவ்வளவுதான் சங்கதி என்பார். வருடக்கணக்கில் இப்படிச் செய்ததில் உரசல் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் மிச்சமில்லாமல் போய்விட்டது.

இதை அடுத்த வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் வாத்தியாரின் மூத்த சகலை. அக்காவும் தங்கையும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தார்கள். மூத்த சகலை ஒரு நிறுவனத்தின் கிளை மேலாளர்; தெரு வைத்த பெயர் மைக். நாலு பேர் கூடினால் எழுந்து நின்று “இந்த இனிய வேளையிலே” என்று தொடங்குவார். கூடாவிட்டால் வீட்டுக்குள் தொடங்குவார். மறுநாள் பேச வேண்டியதைத் தூக்கத்தில் ஒத்திகை பார்ப்பார், கைதட்டலுக்கு இடைவெளி விட்டு. மாப்பிள்ளைகளுக்குள் வித்தியாசம் தெரியக்கூடாது என்று மாமனார் இரண்டு காரையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சாம்பல் நிறத்தில் எடுத்துத் தந்திருந்தார். மைக்கின் கார் கம்பெனி சர்வீஸுக்குப் போகும். அங்கே ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சார் என்று கூப்பிடுவார்கள். வண்டிக்குத் தேவையோ இல்லையோ, அந்த ‘சார்’ அவருக்கு மாதாமாதம் தேவைப்பட்டது.

“சத்தம் வரலைன்னா உள்ள ஏதோ தேஞ்சு போச்சுன்னு அர்த்தம் சகலை” என்றார் மைக். “எதுக்கும் கம்பெனியில காட்டிடுங்க.”

“காட்டலாம் சகலை. அங்க படுக்க விடமாட்டாங்களே” என்றார் வாத்தியார்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் மைக்கின் மனைவி பல் டாக்டரைப் பார்க்க ஒருநாள் தங்கை வீட்டுக் காரில் ஏறினாள். பின்சீட்டில் உட்கார்ந்ததும் முட்டியின் சடசடப்பும் காதின் இரைச்சலும் அடங்கின. கல்யாணமான நாளிலிருந்து வராமல் போன தூக்கமெல்லாம் மொத்தமாக வந்து அவளை அமுக்கியது. பல் டாக்டர் வண்டிக்கே வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவள் விழிக்கவில்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் தலையணையை இடுக்கிக்கொண்டு தங்கை வீட்டு வாசலுக்குப் போய், நிற்கிற காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்னம் உப்பியது, கண்ணுக்கடியில் இருந்த கருவளையம் போனது. “எங்க வண்டியிலதான் எங்கக்காவுக்குக் கண்ணே மூடுது” என்று தங்கை காய்கறிக்காரரிலிருந்து கேபிள்காரர் வரை எல்லாரிடமும் சொன்னாள்.

மைக்குக்கு வயிறு எரிந்தது. சகலை மேல் சந்தேகம் என்றால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். அதற்கென்று ஒரு கௌரவமும் உண்டு. ஆனால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவள் தூங்கும் நேரத்தில் வாத்தியார் பள்ளிக்கூடத்தில், உலக வரைபடத்தில் சாய்ந்துகொண்டிருப்பார். மைக் பொறாமைப்பட்டது ஒரு பின்சீட்டின் மேல். ரெக்சின் உறை போட்ட, ஓரத்தில் தையல் விட்ட பின்சீட். அதை எந்தச் சபையில் சொல்வது? தன் காருக்கு வெல்வெட் உறை தைத்தார், மல்லிகை வாசனைப் புட்டி மாட்டினார், மனைவியைக் கூப்பிட்டார். அவள் மரியாதைக்கு ஏறி, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள்.

அந்த மாதத்திலேயே மைக்கின் கார் இரும ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், வாத்தியார் வண்டியிலிருந்து கிளம்பிய சத்தம் சுவரைத் தாண்டி இங்கே குடிவந்துவிட்டதாகத் தெரிந்தது. முதலில் இருமல், பிறகு தொண்டைச் செருமல். ஒருநாள் காலை மைக் அலுவலகத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் அவருடைய குரலிலேயே “இந்த இனிய வேளையிலே” என்றது. கம்பெனியில் காபி கொடுத்து, குறை ஒன்றுமில்லை சார் என்று அனுப்பினார்கள். இரண்டு குரல் இருக்கும் வீட்டில் குடியிருக்க முடியாது என்று மைக்கின் மனைவி போர்வையையும் எடுத்துக்கொண்டாள்.

“ஏங்க, நான் ராத்திரியும் அங்கேயே படுத்துக்கறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.”

“வண்டியில படுக்கறதுக்கா உன்னக் கட்டிக் குடுத்தாங்க?”

“தூங்கறதுக்குன்னு எங்க வேணா படுக்கலாம். கோவிச்சுக்காதீங்க” என்று அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு அவரை இன்னும் எரித்தது.

ஆகவே மைக், வீட்டிலேயே ஆயில் மாற்றுவது என்று முடிவு செய்தார். மார்பில் தன் பெயர் தைத்த நீலச் சட்டையும் பேண்ட்டும் தைக்கக் கொடுத்தார். சிவப்புப் பெட்டியில் ஸ்பேனர் வரிசை வந்தது. விடுமுறை நாளில் தெருவைக் கூப்பிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, என்ஜின் தேய்மானத்தால் மனிதகுலம் இழந்தவை என்ன என்று விரிவாகப் பேசினார். பேச்சில் குறையில்லை. பேச்சு முடிந்து போல்ட்டுக்குக் கை போக வேண்டிய நேரத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது: உள்ளிருந்து வருவது கறுப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள், அலுவலகத்திலிருந்து வந்திருந்த கணக்கர், எல்லாருக்கும் மேலாகச் சகலை, இத்தனை பேர் பார்க்கத் தன் வண்டியிலிருந்து கறுப்பாக ஒன்று வழிவதா? தரையில் படுப்பதும் அவருக்குச் சரியாகப் படவில்லை. எனவே நின்றபடியே மூடியைத் திறந்து, பழையதன் மேலேயே புதியதை ஊற்றினார். பொன்னிறமாக, அழகாக இறங்கியது. கூட்டம் கைதட்டியது.

“கீழ தொறக்கலியே சகலை” என்றார் வாத்தியார், நாற்காலியில் சரிந்தபடி.

“ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை சகலை” என்று மைக் சாவியைத் திருப்பினார்.

நிரம்பி வழிந்த ஆயில் உள்ளே கடைபட்டு நுரைத்தது. வெள்ளைப் புகை வந்தது. அதன் பின்னாலேயே குரல் வந்தது. இந்தமுறை இனிய வேளை எதுவும் இல்லை. “அவன் கார்ல என்ன இருக்கு? ரெக்சின்தானே?” என்று கேட்டது என்ஜின். “அவனுக்குக் கல்யாணத்துல மோதிரம் ஒரு சுத்துப் பெருசு. மாமனார் அவனப் பாத்துத்தான் சிரிப்பாரு. எம் பொண்டாட்டி அங்க போய்த் தூங்கறா. எங்கிட்டத் தூங்க மாட்டேங்கறா.” மைக் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லை. கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கூடியிருந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மைக்கின் மனைவி கண்ணைத் துடைத்தாள். புகையால் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

வாத்தியார் உள்ளே போய்த் தன் அட்டையைக் கொண்டுவந்து விரித்தார், சாய்வுப் பலகையையும் கல்லையும் எடுத்துவந்தார். பேசிக்கொண்டிருந்த வண்டியை எல்லாருமாக அதன்மேல் தள்ளி ஏற்றினார்கள். “படுங்க சகலை. மேல பாத்துக்கிட்டு இருந்தாப் போதும். மத்தது தானா வரும்.” பெயர் தைத்த சட்டையோடு மைக் மல்லாந்து படுத்து உள்ளே போனார். போல்ட்டைக் கழற்றியதும் குரல் நின்றது. ஆயில் வந்தது.

வந்துகொண்டே இருந்தது. பேசின் நிரம்பியது, வாளி நிரம்பியது, தெருவே கேன்களோடு வரிசையில் நின்றது. பழைய ஆயில் கடைக்காரர் வண்டி அனுப்பினார், பிறகு பெரிய வண்டி அனுப்பினார். தாரைப்போல் கெட்டியாக, மோதிரத்தின் வருடம், மாமனார் சிரித்த வருடம் என்று அடுக்கடுக்காக அது இறங்கியது. மைக் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு அடியிலேயே இருந்தார். பாதியில் போல்ட்டை மாட்டிவிட அவருக்குத் தோன்றவில்லை. முதல்முறையாக அவரிடம் பேச எதுவும் இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மனைவி குனிந்து பார்த்தாள்.

“இன்னும் வருதா?”

“வருது.”

“வரட்டும்” என்றாள். பக்கத்தில் எங்கும் உட்கார இடமில்லாததால் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். வெல்வெட் உறையில் மல்லிகை வாசனை அடித்தது. கீழே சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராக வருவது மைக்குக்கு அடியிலிருந்து கேட்டது. அவர் பக்கத்து வீட்டை நோக்கி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

கம்பியாக ஒழுகியது மெலிந்து சொட்டாயிற்று. சொட்டு இன்றுவரை நிற்கவில்லை. அதற்கென்று ஒரு நிரந்தர பேசின் இருக்கிறது. மைக் காரை ஓட்டுவதில்லை, பஸ்ஸில் போகிறார். மாலையில் வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அடியில் படுக்கிறார். அவள் மேலே தூங்குகிறாள். தெருக்காரர்கள் ஆயில் கறையைத் தாண்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்கள்.

பின்சீட் காலியான வாரத்தில் வாத்தியாரின் கார் லேசாக இருமியது. தண்ணீர் பட்டிருக்கும் என்றார். அடுத்த வாரம் அது தொண்டையைச் செருமி, அவருடைய குரலிலேயே, “அந்த வெல்வெட்டுல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டது. வாத்தியார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் போய், “சகலை, அந்த அட்டை வேணுமே” என்றார். மைக் அடியிலிருந்து கொஞ்சம் நகர்ந்து, பாதியைக் கிழித்துக் கொடுத்தார்.