முதல் வெட்டு

ஐசி சிப்பின் கடைசிக் காலிலும் ஈயம் உருகிப் பிடித்ததும், குந்தவை சால்டரிங் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு ஒயர் நுனிகளையும் சொம்புத் தண்ணீருக்குள் விட்டாள். ‘கீ…’ என்று சத்தம் வந்தது. சில்வண்டு கத்துகிற அளவுதான். ஆனாலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்கு முன்னெல்லாம் புகை மட்டும்தான் வந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த புருஷன் தியாகேசன் சிரித்தான்.

“பூச்சி புடிச்சு வச்சிருக்கியா?”

“சிரிங்க, சிரிங்க. நாத்து காஞ்சப்ப வந்து நின்னீங்களா?”



நன்னிலத்துக்குத் தெற்கே அந்த வாய்க்காலின் கடைசியில் இரண்டே வயல்கள். இந்தக் கரையில் குந்தவையுடையது, அந்தக் கரையில் வைத்தியலிங்கத்துடையது. தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் இரண்டுக்கும் போதாது. யார் முதலில் கரையை வெட்டுகிறாரோ அவர் வயல் நிறைந்த பிறகுதான் மற்றவருக்கு. எந்தக் காலத்து ஏற்பாடோ, மாற்ற ஒருவரும் துணியவில்லை. வைத்தியலிங்கத்துக்கு வீடே வாய்க்கால் மேட்டில். இவள் ரோட்டைத் தாண்டி, மூங்கில் குத்தைச் சுற்றி ஓடி வருவதற்குள் மனுஷர் வெட்டி முடித்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். போன தடவை இவள் நாற்றங்கால் கருகியது அப்படித்தான். இந்தத் தடவையும் கருகினால் நடுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வயிற்றெரிச்சலில்தான், தண்ணீர் பட்டால் கத்துகிற கருவி செய்வது எப்படி என்று போனில் தேடத் தொடங்கியிருந்தாள்.

வீடுவரை ஒயர் இழுக்கலாமென்றால் நடுவில் ரோடு. ஒரு டிராக்டர் போதும் அறுத்துப்போட. ஆகவே கருவியை வாய்க்கால் கரையிலேயே வைத்து, சத்தம் வீடுவரை கேட்க ஓர் ஆம்ப்ளிஃபயர். விரல் சுட்டது, ஐசிகள் செத்தன, உலை வைத்ததே மறந்து சோறு அடிப்பிடித்தது. கடைசியில், மருந்தடிக்கிற தெளிப்பானின் பேட்டரியில் இணைத்து, ஒரு பழைய கூம்பு ஸ்பீக்கரை மாட்டியபோது தெருவே காதைப் பொத்தியது. ஒயர் நுனிகளை ஈர மண்ணில் படாமல் ஒரு சாண் உயரத்தில் வாய்க்காலுக்குள் குச்சியில் கட்டிவிட்டு வந்தாள்.

ஒரு மத்தியானம் அது கத்தியது. குந்தவை ஓடினாள், செருப்புகூடப் போடவில்லை. போய்ப் பார்த்தால் வைத்தியலிங்கம் வெட்டி முடித்திருந்தார்.

“நல்ல காரியம் பண்ணுன ஆயி! சாப்புட்டு அசந்துட்டேன். இது மட்டும் கத்தலைன்னா தண்ணி வந்ததே தெரிஞ்சிருக்காது.”

கிண்டலில்லை, நிஜமாகவே நன்றியோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அவர் வயல் ததும்பி, இவள் பக்கம் வந்தது நாற்றின் காலை நனைக்கத்தான் போதுமானதாக இருந்தது.

கருவியைக் கூம்போடு கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து போர்டை வீசியெறிந்தாள். சத்தத்தின் சுருதியைத் தீர்மானிக்கிற சின்னக் கெபாசிட்டரின் கால் ஒடிந்தது. கோபம் ஆறியதும் மனசு கேட்கவில்லை. டப்பாவில் தடித்த ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையே பற்றவைத்து, கூம்பை மாட்டி, ஒயரைச் சொம்பில் விட்டாள். கீச்சொலி போய், ‘டுப்… டுப்… டுப்…’ என்றது.

பக்கத்து வீட்டு அகிலாண்டம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “யாருக்குடி ஆயில் எஞ்சின் ஓடுது? டீசல் விக்கிற விலையில!”

‘என் மெஷின்தான் அக்கா’ என்று சொல்ல வாயெடுத்த குந்தவை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

“யாரோ தெரியலக்கா.”

சின்னக் கெபாசிட்டர் வாங்க அவள் கடைக்குப் போகவில்லை. கருவியை மறுபடி வாய்க்காலில் கட்டி, கூம்பை மட்டும் மூங்கில் குத்துக்குள் மறைத்து, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அடுத்த முறை அந்த ‘எஞ்சின்’ ஓடியபோது மண்வெட்டியை எடுத்தாள். கால் ஓடத் துடித்தது. கஷ்டப்பட்டு நடந்தே போனாள். மேட்டில், வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த வைத்தியலிங்கம் முகத்துத் துண்டை விலக்கினார்.

“எவன் இந்த வெயில்ல எஞ்சின் போட்டிருக்கான்?”

“எந்த ஊர்லயோ மாமா.”

“ஒன் மெஷினு இன்னும் கத்தலையே ஆயி. கத்துனா எழுப்பு.”

“சரிங்க மாமா. நீங்க படுங்க.”

அவர் மறுபக்கம் புரண்டு படுத்தார். குந்தவை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். சத்தம் வராமல் மண்வெட்டியைக் கரையில் வைத்துக் காலால் அழுத்தினாள்.