நகல் எண் 57

நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்துவர ஆள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில், துரைப்பாண்டி அண்ணனின் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறைத் தகரப்பெட்டிக்கு முன்னால் குத்தவைத்திருந்தான். கொத்தில் பதினாலு சாவிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டைத்துண்டு நூலில் தொங்கியது. 'அரிசிப் பெட்டி.' 'பின்கதவு.' 'சைக்கிள் (விற்றாயிற்று, 1971).' விற்றுப்போன சைக்கிளின் சாவிக்கும் அட்டை கட்டிக் காப்பாற்றிய மனிதரைக் கூடத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். டம்ளரில் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. ஓய்வுபெற்று எட்டு மாதம்.

மணி மூன்று. நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வெள்ளத்துரைக்குப் பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி துரைப்பாண்டிதான்.

'தகரப்பெட்டி: நகல்கள்' என்ற அட்டை விரலில் பட்டது. அதைத் தாண்டிப் போய் மறுபடி முதல் சாவியிலிருந்து தேட ஆரம்பித்தான்.

வெள்ளத்துரையைப் பற்றிச் சங்கரன்கோவிலில் உலவும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி குறைத்துச் சொல்லப்பட்டது. யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர், வீட்டுக்கு வந்தும் கார்பனை விடவில்லை. எதை எழுதினாலும் அடியில் ஒரு கார்பன், அதற்கும் அடியில் ஒரு மெல்லிய தாள். தலையில் எண், நாள், ஒரே வரியில் பொருள், அப்புறம் பதில் தேவையா இல்லையா. மாமனாருக்குத் தலைதீபாவளி நன்றிக் கடிதம்: எண் 211, பதில் தேவையில்லை. பால்காரருக்குத் தண்ணீர் குறித்த ஆட்சேபணை: எண் 340, பதில் தேவை. சங்கரநாராயண சுவாமிக்கே ஒரு முறை உண்டியலில் மனுப் போட்டார் என்றும், சாமி சும்மா இருந்ததால் முப்பதாம் நாள் நினைவூட்டுக் கடிதம் போயிற்று என்றும், அப்புறம்தான் அந்த வருஷம் மழையே பெய்தது என்றும் சொல்வார்கள். "இவுகளுக்குக் கனவு வந்தாக்கூட அடியில ஒரு கார்பன் இருக்கும்" என்பாள் அவர் மனைவி ஆறுமுகத்தாய்.

கூடத்தில் அப்துல் ஜப்பாரின் குரல் கேட்டது. எழுதுபொருள் கடைக்காரர், வெள்ளத்துரையின் சிநேகிதர்.

"ஊரு பூரா சேந்து வருசத்துக்கு ஒரு பெட்டி கார்பன் வாங்கும். அண்ணாச்சி ஒத்த ஆளு, ஒம்பது பெட்டி."

"போன மாசம் ஆறுன்னீரு?" என்றது இன்னொரு குரல்.

"மவுத்தான மனுசனைக் கொறச்சா வே சொல்லுவாக? தெருவிளக்குக்கு எழுதுனது நெனவிருக்கா? அங்கன உக்காந்திருந்தவன், உம்ம மனு எங்களுக்கு வரவே இல்லைன்னு கையை விரிச்சிட்டான். அண்ணாச்சி பைக்குள்ள கையை விட்டு நகலை எடுத்து மேசையில வச்சாரு. நம்பரு, தேதி, வாங்குனவன் கையெழுத்து. மறுநாளே விளக்கு எரியுது. ராத்திரி மட்டுமா, பகல்லயும் எரியுது! நிறுத்தச் சொல்லி இன்னொரு மனுப் போட வேண்டியதாப் போச்சு."

சாவு வீடு என்பதை மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஊருக்குப் பத்துப் பேருக்கு இந்தப் பழக்கம் இருந்தாப் போதும். கோர்ட்டுல பாதி வக்கீலு ஏரு புடிக்கப் போயிருவான். எவனும் 'எனக்கு வரல'ன்னு சொல்லித் தப்ப முடியாதுல்லா" என்றார் ஜப்பார்.

துரைப்பாண்டியின் கை சாவிகளின் மேல் அப்படியே நின்றது.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் தங்கை முருகம்மாள் வந்திருந்தாள். மேலநீலிதநல்லூரில் தையல் டீச்சர். பஸ்ஸை விட்டிறங்கி நேராக வந்தவள், அண்ணன் வீட்டு வாசலில் மிதிக்காமல் எதிர்வீட்டுத் தறிக்கூடத்துக்குள் போய் ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். துஷ்டிக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். எந்நேரமும் தடதடத்துக்கொண்டிருக்கும் தெருவில் அவள் மூக்குறிஞ்சுவதுகூடக் கேட்டது. கூப்பிடப் போனவன் துரைப்பாண்டிதான்.

"உள்ள வாட்டி முருகு. மதினி உன்னைத்தான் தேடுதா."

"வாரேன். அதுக்கு முன்னால ஒரு காரியம் செய். பெரியண்ணன் பெட்டியைத் திற."

"இப்பவா?"

"இப்பத்தான். உசுரோட இருந்தவரைக்கும் அவருகிட்ட நான் கேக்கலை. இனிமே அவரால சொல்ல முடியாது, பெட்டிதான் சொல்லணும். அறுபத்தொம்பது தை மாசம். பனவடலிசத்திரத்துக்காரங்க விசயமா உனக்கு எழுதினேன்னு சொன்னாரே, அந்தக் கடுதாசி. அதுக்கு நகல் இருந்தா உள்ள வந்து வாய்க்கரிசி போடுதேன். இல்லைன்னா நாலேகால் பஸ்ஸுக்குப் போயிருதேன்."

"எடுக்கலைன்னு அன்னைக்கே அவரு வாயால சொல்லிட்டாருல்லா."

"பால்காரனுக்கு எடுத்தவரு, சாமிக்கு எடுத்தவரு, தங்கச்சிக்கு மட்டும் எடுக்கலையாக்கும்? பதினஞ்சு வருசமா அதான் எனக்கு முழுங்க முடியல. எழுதியிருந்தா நகல் இருக்கும். நகல் இல்லைன்னா எழுதல. நீ போய்ப் பாரு. நீ சொன்னா நான் நம்புதேன், சின்னண்ணே."

கடைசியில் அவள் சொன்னதைக் கேட்டபின் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டான்.

அறுபத்தொன்பதில் வெள்ளத்துரைக்குத் தருமபுரிப் பக்கம் வேலை. அப்பா இல்லாத வீடு என்பதால், பனவடலிசத்திரத்து வாத்தியார் பெத்துராஜ் வீட்டார் பெண் கேட்டு அவருக்குத்தான் எழுதினார்கள். முருகம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. வாத்தியாரை ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒரு முறை பார்த்தவள். அதற்கப்புறம் பனவடலிசத்திரம் பஸ் போனால் வாசலுக்கு வந்துவிட்டுப் போவாள். சம்மதம் சொல்லி வரும்படி வெள்ளத்துரை தம்பிக்குக் கடிதம் போட்டார். அது வந்தது. துரைப்பாண்டி தெருமுனையிலேயே தபால்காரரிடம் கை நீட்டி வாங்கினான். சிநேகிதன் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். அண்ணன் கடிதம்தானே, எண்ணும் தேதியுமாக ஏதாவது அளந்திருப்பார் என்று பிரிக்காமல் சட்டைப்பைக்குள் போட்டான். கல்யாணம் மூன்று நாள். அங்கிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து திருச்செந்தூர். இருபத்தைந்து வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் உலகத்தில் ஞாயிறு திங்கள் எல்லாம் கிடையாது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தபோது, கடிதத்தில் இருந்த கெடு தாண்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டார் கழுகுமலையில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள்.

கடிதத்தை நாலு முறை படித்தான். பிறகு அடுப்பில் போட்டான்.

அண்ணன் லீவில் வந்திறங்கியதும் வீட்டில் பஞ்சாயத்து. "எனக்குக் கடுதாசியே வரல" என்றான் துரைப்பாண்டி. எழுதினேன் என்றார் வெள்ளத்துரை. "எழுதினா நகல் இருக்குமே, காட்டு" என்றாள் அம்மா. போகிற ஊருக்கெல்லாம் கூடவே சுமக்கும் பெட்டியைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பித் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியை மூடினார்.

"இதுக்கு எடுக்கலை."

வேறு எவன் சொல்லியிருந்தாலும் ஊர் நம்பியிருக்கும். வெள்ளத்துரை சொன்னதால் நம்பவில்லை. நகல் எடுக்காமல் அவர் கடிதம் எழுதினார் என்பதைவிட அவர் எழுதவேயில்லை என்பதை நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அம்மா அப்படியே நம்பிச் செத்துப்போனாள். அதற்கப்புறம் வந்த வரன்களை முருகம்மாள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். தையல் மிஷினோடு மேலநீலிதநல்லூருக்குப் போனாள். பெரியண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. துரைப்பாண்டியும் ஒன்றை நம்பினான்: அண்ணன் நிஜமாகவே நகல் எடுக்க மறந்துவிட்டார் என்று. அதை நம்புவது வசதியாக இருந்தது.

சாவியைப் போட்டுத் திருப்பினான். பாச்சை உருண்டை வாடை மூக்கில் ஏறியது. வருஷவாரியாகக் கட்டுகள், மூலையில் துளையிட்டு டேக் கயிறு கோத்தவை. 1969 நடுவாக்கில் இருந்தது. அந்த வருஷத்து ஜனவரி பதினெட்டுக்குள்ளேயே அண்ணன் ஐம்பத்தேழு கடிதம் எழுதியிருந்தார்.

எண் 55, செருப்பு தைத்தவருக்கு. எண் 56, தபால் தலையின் பின்பக்கம் பசை போதவில்லை என்று போஸ்ட்மாஸ்டருக்கு. அடுத்து எண் 58.

இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு கோத்திருந்தது. சிவப்பு மை.

'எண் 57. இவ்விடத்திலிருந்து என்னால் எடுக்கப்பட்டது. வெள்ளத்துரை. 16-2-69.'

பஞ்சாயத்து நடந்த அன்றைய தேதி. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினால், உருவியது யார், எப்போது என்று அந்த இடத்தில் சீட்டு வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. தம்பிக்காக அம்மாவிடம் பொய் சொல்ல முடிந்த மனிதருக்கு அந்த விதியை மட்டும் மீற முடியவில்லை.

துரைப்பாண்டி சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். போய் 'இல்லை' என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. அவள் பஸ் ஏறிவிடுவாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் எரிந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அண்ணன் இதைத்தான் அவனுக்காகச் செய்து வைத்திருந்தார். அவன் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

டேக்கைக் கழற்றி, சீட்டை மட்டும் உருவிக்கொண்டு எழுந்தான்.

"எங்க வே போறீரு? தண்ணி எடுக்க நேரமாச்சு" என்றார் ஜப்பார். காதில் வாங்காமல் தெருவைக் கடந்தான்.

முருகம்மாள் எழுந்து நின்றாள். "இருக்கா?"

"இருக்கு."

"படி."

சீட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"எண் ஐம்பத்தேழு. நாள் பதினெட்டு ஒண்ணு அறுபத்தொன்பது. பொருள்: தங்கை முருகம்மாளின் வரன். பதில்: தேவை." தொண்டையைச் செருமினான். "அன்புள்ள தம்பிக்கு. மாப்பிள்ளை வீடு எனக்குத் திருப்தி. முருகுவுக்கும் பிடித்திருக்கிறது என்று அம்மா ஆள் வைத்து எழுதியிருக்கிறாள். பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ நேரில் போய்ச் சம்மதம் சொல்லிவிட வேண்டும். தபாலில் சொல்லலாம், ஆனால் ஆள் போவதுதான் மரியாதை. வெறுங்கையோடு போகாதே. பழம் வாங்கும்போது அடிப்பழத்தையும் புரட்டிப் பார்த்து வாங்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொள். அவர்கள் சாப்பிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதே. திரும்பி வந்ததும் முருகுவிடம் நீயே சொல். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது. மற்ற விவரம்..."

அவன் நிறுத்தவில்லை. மற்ற விவரத்தில் தருமபுரிக் குளிரும், அம்மாவின் மூட்டுவலித் தைலமும் இருந்தன. அதையும் மனப்பாடமாகச் சொன்னான். முருகம்மாள் முதலில் அவன் வாயைப் பார்த்தாள். பிறகு அவன் கண்களை. அவை ஒரே இடத்தில் நின்றன. பிறகு அவன் கையில், பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த காகிதத்தை.

கையை நீட்டினாள்.

கொடுத்தான்.

சிவப்பு மை இரண்டு வரிதான். அவள் அதைப் படிக்க வெகுநேரம் ஆயிற்று. ஓடாத தறிகளுக்கு நடுவில் துரைப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். அவள் அடிக்க வேண்டும் என்று நினைத்தான். மண்ணை வாரித் தூற்ற வேண்டும், தெருவைக் கூட்ட வேண்டும். அவள் சீட்டை மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மடிக்காமல் அவனிடமே நீட்டினாள்.

"எடுத்த இடத்துலயே கோத்து வையி. வரிசை கலைஞ்சிரும்."

செருப்பைத் தறிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, தெருவைக் கடந்து வீட்டுக்குள் போனாள். கூடத்தில் பெண்கள் நகர்ந்து இடம் விடும் சலசலப்பு கேட்டது. ஆறுமுகத்தாய் "வந்துட்டியா" என்றாள்.

துரைப்பாண்டி பின்வாசல் வழியாக உள்ளறைக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஐம்பத்தாறையும் ஐம்பத்தெட்டையும் தட்டிச் சேர்த்து, நடுவில் சீட்டை வைத்தான். வெளியே சங்கு ஊதினார்கள். "துரைப்பாண்டி, நீர்மாலைக்கு வாரும் வே, எல்லாரும் நிக்காங்க" என்று ஜப்பார் கதவைத் தட்டினார்.

"வாரேன்."

டேக்கின் தகர நுனி துளையை விட்டு விலகி விலகிப் போயிற்று. எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டு, மறுபடியும் நுழைக்கப் பார்த்தான்.