பலகையில் ஒட்டிய பிறந்தநாள்

1

இந்தக் கதை, என் தம்பி சுஹாஸ் தொடாமல் விட்ட தட்டிலிருந்து தொடங்கியது. மாலைக் கல்லூரி முடிந்து வீட்டுக்கு வந்தபோது அரிசிமாவில் தட்டிய அக்கி ரொட்டி ஆறிக் கிடந்தது.

"என்னடா ஆச்சு?"

"நாளைக்கு என் பர்த்டேக்கா."

(முதலில் 'சுஹாஸின் கண்கள் கலங்கின' என்று எழுதினேன். கலங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

2

வரிசையாக எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

மைசூரில் அவன் படிக்கும் ஒன்பதாம் வகுப்பில், பிறந்தநாள்காரன் கலர் சட்டையில் வந்து சாக்லேட் கொடுப்பான். இடைவேளையில் நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்க, மற்றவர்கள் கீழிருந்து உதைப்பார்கள். இதற்குப் பெயர் பம்ப்ஸ். பிடித்தவனுக்கு மெல்ல உதை. பிடிக்காதவன் ஒருவன் போன மாதம் உட்கார முடியாமல்...

வேண்டாம்.

போன வருஷம் சுஹாஸ் சீருடையிலேயே போய்த் தப்பித்தான். இந்த வருஷம் ஷைலஜா மிஸ் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து 'உணர்வு வகுப்பு' தொடங்கினார். கூச்சப்படுகிறவர்களையும் கொண்டாட வேண்டுமென்று எல்லோருடைய பிறந்தநாளையும் பலகையில் ஒட்டிவிட்டார்.

நல்ல எண்ணம்தான்.

3

உதைப்பவர்களில் முதல் ஆளான லோஹித்தை எப்படி எழுதுவது? மூர்க்கமான முகம் கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. குடிகார அப்பா ஒருவரைக் கொடுத்தேன். அதுவும் பொய். உணர்வு வகுப்பில் முதலிடம் அவனுக்குத்தான். முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லும் விளையாட்டில் அவன் தவறுவதே இல்லை.

இன்று வகுப்பில் நடந்ததை சுஹாஸ் சொன்னான்.

"இவன் முகத்துல பயம் இருக்கு மிஸ்" என்றானாம் லோஹித், சுஹாஸைக் காட்டி.

"கரெக்ட்! அந்தப் பயத்த நீயே போக்கிவிடணும், சரியா?"

"நாளைக்கே போக்கிடறேன் மிஸ்."

வகுப்பு கைதட்டியது. வெளியே வந்ததும் தோளில் கைபோட்டிருக்கிறான், இந்த ஊர்ப் பையன்கள் 'மச்சி'க்குப் பதில் சொல்லும் 'குரு'வோடு. "குரு, லீவு கீவு போட்றாத. போட்டா மறுநாள் டபுள்."

[அடிக்குறிப்பு: அடுத்தவர் மனம் தெரிந்தவர்கள் அன்பாகத்தான் இருப்பார்கள் என்று நானும் நம்பியிருந்தேன்.]

4

முடிவு அ: நான் மிஸ்ஸிடம் சொல்கிறேன். அவர் இருவரையும் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடிக்க வைக்கிறார். பிறகு இடைவேளை மணி அடிக்கிறது.

முடிவு ஆ: காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருக்கிறான். (டபுள்.)

முடிவு இ: சுஹாஸ் திமிறி எழுந்து லோஹித்தின் சட்டையைப் பிடித்து... (வீரம் என்னுடையது. உதை வாங்கப்போவது அவன்.)

முடிவு ஈ: அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "பிரெண்ட்ஸ்னா விளையாடத்தான் செய்வாங்க. நீ வேற அவன பயமுறுத்தாத" என்றாள்.

5

இந்தப் பகுதியை எழுதுவது மறுநாள் காலையில். அம்மா ஆரத்தி எடுத்து முடித்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நான் யோசித்த எந்த முடிவிலும் இது இல்லை.

"ஹேப்பி பர்த்டே குரு! கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

லோஹித் உள்ளே வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அம்மா பூரித்துப்போனாள். "எவ்வளவு பாசமான பையன்! உக்காருப்பா, பாயசம் குடிச்சிட்டுப் போ."

அவன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தான்.

"அக்கா, நீங்க சரியாத் தூங்கல போல. ஏன், எதுக்குப் பயம்?"

சுஹாஸ் என்னைப் பார்க்கிறான். நான் வாயைத் திறக்கிறேன். அடுத்த வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். பாயசம் முடியப்போகிறது.