ருவான் ஷிமோ வரைந்த வெள்ளம்

யாங்சோவ் நகரத்துக் கிறுக்கு ஓவியர்கள் அருங்காட்சியகத்தில், மூன்றாம் அறைச் சுருள் ஓவியத்துக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது ஜூன் பதினொன்றாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. வரைந்தவர் ருவான் ஷிமோ. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் சிற்றதிகாரியாக இருந்தவர், தன் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்குவதாக மேலிடத்துக்கு எழுதினார். அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அவர் தூரிகையைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்த வெள்ளத்தை நகத்தால் மை தொட்டு வரைந்தார். ஒரு கூரை, அதன்மேல் ஏழு பேர். வேலை போனது, கிறுக்கன் என்ற பெயர் வந்தது.

தண்ணீர் ஏறுவதைக் காவலர் கோவ் தெதாய் சொன்னபோது, "ஈரக்காத்துல மை ஊறியிருக்கும்" என்றார் நிர்வாகி பான். தண்ணீர் தினம் ஒரு விரல் ஏறியது. நான்காம் நாள் அறையில் சேற்று வாடை; ஐந்தாம் நாள் குழந்தை அழும் சத்தம். பார்வையாளர்கள் வருவது நின்றது. ஓவியங்களைச் செப்பனிடும் தாங் சூயுன், தண்ணீர் வெளியே வழிந்துவிடுமோ என்ற பயத்தில் மேல்விளிம்பில் ஒரு முழம் வெற்றுத்தாளை ஒட்டினாள். ஒரே நாளில் அதில் பாதிவரை ஈரம் ஏறிவிட்டது.

"அக்கா, கூரைமேல நிக்கிற பொம்பள, தன் பிள்ளையத் தலைக்கு மேல தூக்கிட்டா. கழுத்துவரைக்கும் தண்ணி" என்றார் தெதாய்.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? ஒரு கோடு போட்டாலும் ஜெயிலுதான்."

"ருவானுக்குப் பதில் எழுதின பெரிய மனுசனும் இப்படித்தான் பேசியிருப்பான்."

இருபத்தாறு வருட வேலையில் சூயுன் யார் ஓவியத்திலும் ஒரு புள்ளி சேர்த்தவள் இல்லை. நிர்வாகி மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், நகத்தை மையில் தோய்த்து ஒரு படகு வரைந்தாள்.

"படகா இது? செருப்பு மாதிரியில்ல இருக்கு!"

"வாய மூடு. மை காயட்டும்."

மறுநாள் காலை படகு காலியாக விளிம்பில் ஒதுங்கியிருந்தது. தரையில் ஏழு பேரின் ஈரக் காலடிகள், ஒரு ஜோடி மிகச் சிறியது, வாசல்வரை போயிருந்தன. தெருமுனைக் கடையில் அவர்கள் ஆவி பறக்கும் பன்களைத் தின்றுகொண்டிருந்தார்கள். குடியிருப்பு அலுவலகத்தில் பிறந்த வருடத்தைக் கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஏழு பேரும் நான்காம் மாடிக்குக் கீழே வீடு வேண்டாம் என்றார்கள்.

சூயுனை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேறு யாரும் அந்த அறைக்குள் கால்வைக்கத் துணியாததால், பதினெட்டாம் நாள் திரும்ப அழைத்தார்கள். தண்ணீர் இன்னும் வடியவில்லை. அவள் தாள் ஒட்டிக்கொண்டே போகிறாள். உத்தரத்தை அறுத்துச் சுருளை மேல்மாடிக்கு ஏற்றியாயிற்று. அங்கேயும் இனி இரண்டு சாண் சுவர்தான் மிச்சம். கூரையில் துளை போட இந்த வருடம் அனுமதி வந்துவிட்டது.