குனியும் குரல்

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவளுடைய தொழில். இரண்டு கம்பிகளுக்கு நடுவே மயிரிழை விலகல் இருந்தாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட காதுதான், தமிழ் பேசும் வீட்டுக்கு மருமகளாக வந்ததும் அவள் காலை வாரிவிட்டது. அவள் பிறந்த மொழியில் ‘ல’ ஒன்றுதான். இங்கே ‘ல’, ‘ள’ என்று இரண்டு. அவளுக்கோ இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

வீட்டுக்கு வந்த விருந்தாளி, நாத்தனாரின் மகள் எங்கே என்று கேட்டபோது, “பல்லிக்குப் போயிருக்கா” என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்துவைத்தாள்.

மாமியார் விடுவதாக இல்லை. “நாக்கை மடிச்சு மேல தொடும்மா. ள, ள” என்று வாயைத் திறந்தே காட்டினார். நாக்கு எப்படியோ மடிந்தது. “இதோ, வந்துடுச்சு பாரு” என்பார் சில நேரம். எது வந்தது, முன்பு வராதது எது என்று மருமகளுக்குப் பிடிபடாது.

போகப்போக அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். “ம்”, “சரி”, “போதும்.” அவ்வளவுதான்.

“என்ன, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?” என்று கணவன் கேட்டான்.

“பூட்டு காதுல” என்று தன் மொழியிலேயே பதில் சொன்னாள்.

மழை பிசுபிசுத்த ஒரு நாள், காய்ச்சலோடு வேலையிலிருந்து திரும்பியவள் மத்தியானமே படுத்துவிட்டாள். சன்னல் திரை மூச்சுவிடுவது போல் உப்பி அடங்கியது. சாத்திய கதவுக்கு அப்பால் மாமியாரும் நாத்தனாரும் துணி மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தாண்டி வருவதற்குள் சொற்களின் ஓரமெல்லாம் கரைந்துபோய், குரல் மட்டும் வந்தது. தண்ணீருக்கடியில் யாரோ நிதானமாகப் பியானோ வாசிப்பது போலிருந்தது. அர்த்தம் தேடாமல், கட்டிலோடு மிதந்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். வெளிச்சமாகக் கிளம்பிய ஓர் ‘அ’, பாதியில் நிழலுக்குள் சாய்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சாய்ந்தது. அடுத்தது சாயவில்லை. சாய்வதெல்லாம் ஒரு ரகம், சாயாததெல்லாம் வேறு ரகம் என்று தூக்கம் கலையாமலே பிரித்துக்கொண்டிருந்தவள், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமும் ‘ள’ வரும் இடத்தையே வெறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது வருவதற்குள்ளாகவே, முன்னால் நிற்கும் உயிரெழுத்து வளைந்து இடம்விட்டுவிடுகிறது.

“அண்ணி” என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். “உள்ள வராதீங்க. அங்கயே நின்னு சொல்லுங்க. கலை, களை. ஏதாவது ஒண்ணு.”

“காய்ச்சல் தலைக்கேறிடுச்சா உனக்கு? சரி, களை.”

“தோட்டத்துல பிடுங்குறது.”

“கலை.”

“பாட்டு, டான்ஸ்.”

பிறகு மாமியாரின் குரல், வேண்டுமென்றே தணிவாக, “வேளை” என்றது.

“மாத்திரை போடுற நேரம்.”

“வேலை.”

“என் பியானோ.”

கதவு திறந்தது. கையில் பாதி மடித்த போர்வையோடு மாமியார் நின்றார். “எப்படிம்மா கண்டுபிடிக்கிறே?”

“ள வர்றதுக்கு முன்னாடியே உங்க குரல் கொஞ்சம் குனியுது, அத்தை.”

தன் வாயிலிருந்து விழுந்த ‘ள’ சரியாக விழுந்ததை அவளே கேட்டாள்.

“என் குரலா?” மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. “பொறந்ததுலேருந்து பேசுறேன். எனக்கு அப்படி ஒண்ணும் கேட்டதில்லையே.”

நாத்தனார் சிரித்துக்கொண்டே அவளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுப் போனாள். ‘ழ’ இன்னும் பாக்கி இருந்தது. இருக்கட்டும் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். கண் செருகியது. கதவுக்கு வெளியே மாமியார் துணியை மறந்துவிட்டு, “கொல்லை... கொள்ளை...” என்று மெல்லச் சொல்வதும், நிறுத்திக் காதுகொடுப்பதும், மறுபடி சொல்வதுமாக இருந்தார்.