இரண்டு அணிக்கும் ஒருவன்

நெப்ராஸ்காவின் கால்டர் நகரத்தில் ஃபுட்பால் பேரளவில்தான் காலுக்குச் சொந்தம். முட்டித் தள்ளுவது தோளின் வேலை, எறிவதும் பிடிப்பதும் கையின் வேலை. இதில் ராய்ஸ் க்ருபிச்காவுக்கு வாய்த்தது இன்னும் விசேஷமான வேலை. அவன் சென்டர். குனிந்து, தரையிலிருக்கும் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் அனுப்ப வேண்டும். அதில்தான் ஆட்டத்தின் ஒவ்வொரு மோதலும் தொடங்கும். ஒழுங்காக அனுப்பினால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒரு தடவை பிசகினால் போதும், ஊரே பார்க்கும். இப்படி ஓர் உத்தியோகத்தை மூன்று வருஷமாக, கல்லூரியின் உதவித்தொகை கூட இல்லாமல், மூன்றாவது ஆளாக நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு உண்மையான ஆட்டத்தில் கூட அவனை இறக்கியதில்லை.

வசந்தகாலப் பயிற்சி பதினைந்து நாள். ஏழாம் நாள் முதல் சென்டரின் தோள் பிசகியது. பத்தாம் நாள் இரண்டாமவனின் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. மிஞ்சியவன் ராய்ஸ். அன்றிலிருந்து அவன் அனுப்பிய ஒரு பந்து கூடக் கோணலாகப் போகவில்லை. அவனுக்கு இடப்பக்கம் நிற்கும் ஓட்டிஸ்தான் அதை முதலில் கவனித்தான். ஓட்டிஸ் ஒமாஹா நகரத்துப் பையன். மாட்டுப்பண்ணையிலிருந்து வந்த ராய்ஸைக் கேலி செய்யாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"பண்ணையாரே, என்னய்யா இது? மாட்டுக்குப் பின்னாடி நின்னு பழகினவனுக்கு, பின்னாடி நிக்கறவன் எங்க இருக்கான்னு முதுகுலயே தெரியுமோ?"

"மாடு உன்னைவிட அழகா நிக்கும்டா."

கடைசி சனிக்கிழமை அணியை இரண்டாகப் பிரித்து, சிவப்புக்கும் வெள்ளைக்கும் மோதல் வைப்பார்கள். ஜெயித்தவர்களுக்கு அன்று உள்ளங்கை அகலத்துக்கு மாட்டிறைச்சி. தோற்றவர்களுக்கு டப்பாவிலிருந்து கொட்டிய பீன்ஸ், அதுவும் ஜெயித்தவர்கள் கறி தின்பதைப் பார்த்துக்கொண்டே. வழக்கம் நல்ல வழக்கம்தான், ஆனால் இரண்டு அணிக்கும் சேர்த்து இந்த வருஷம் சென்டர் ஒருவன்தான். பந்து யார் கைக்கு வந்தாலும் ராய்ஸ் அந்தப் பக்கம் போயாக வேண்டும். சட்டை மாற்ற நேரமிருக்காது என்று, உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வான்டா அம்மாள் ஒரு சிவப்புச் சட்டையையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் நடுவில் வெட்டி, பாதிக்குப் பாதி ஒட்டித் தைத்துக் கொடுத்தாள்.

வேடிக்கையெல்லாம் சட்டையோடு சரி. இலையுதிர்காலத்தில் அணியில் நூற்றைந்து பேருக்குத்தான் இடம், இப்போது இருந்தவர்கள் நூற்றிருபது. முன்வரிசைக்காரர்களின் பயிற்சியாளர் டேட்டம் வெள்ளிக்கிழமையே ராய்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இனிப்புத் தடவிப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போகுது. உன் பேரு அதுல இருக்கணும்னா நீ பெருசா ஒண்ணும் கிழிக்க வேணாம். பந்தைக் கீழ போடாத. போட்டேன்னா திங்கக்கிழமை உன் அலமாரியைக் காலி பண்ணிடு."

"சரி, கோச்."

சனிக்கிழமை முப்பதாயிரம் பேர் வந்திருந்தார்கள். டேட்டம் சொன்னதை ராய்ஸ் போனில் சொல்லியிருந்ததால் அவன் அப்பா லூமிரும் வந்திருந்தார். கன்று போடும் பருவத்தில் பண்ணையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். அவர் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

பாதிச் சட்டை ஆசாமியைக் கூட்டத்துக்குப் பிடித்துப்போனது. அவன் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடும்போதெல்லாம் சீட்டியும் கைதட்டலும் பறந்தன. இடைவேளையில் குழந்தைகள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். சென்டருக்கு வாழ்நாளில் கிடைக்காத மரியாதை. ராய்ஸுக்கு அது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. குவார்ட்டர்பேக் "ஹட்! ஹட்!" என்று உறுமுவான். எத்தனையாவது ஹட்டில் பந்து கிளம்பும் என்பதை முன்கூட்டியே தன் ஆட்களை வட்டமாகக் கூட்டிச் சொல்லியிருப்பான். அது எதிரிக்குத் தெரியாது, சொந்த ஆட்களுக்கு மட்டும் தெரியும். சிவப்புக்கு ஒரு எண்ணிக்கை, வெள்ளைக்கு வேறு எண்ணிக்கை. கடைசிக் கால் மணி நேரம் முழுக்கச் சிவப்பு இரண்டாவது ஹட்டிலும் வெள்ளை மூன்றாவதிலும் கிளம்பிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே மண்டையில் வைத்துக்கொண்டு அவன் அங்கும் இங்கும் ஓடினான்.

ஆட்டம் முடியப் பத்து நொடி. வெள்ளை நாலு புள்ளி பின்னால். கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி; கோட்டுக்கு இரண்டே கஜம். பந்து வெள்ளையிடம், அதாவது ராய்ஸிடம், இருப்பது கடைசி வாய்ப்பு. வெள்ளையின் குவார்ட்டர்பேக் லாண்டன் பீலுக்குப் பத்தொன்பது வயது. டெக்சாஸிலிருந்து ஜனவரியில்தான் வந்தான். வருகிற செப்டம்பரில் மாநிலமே நம்பியிருப்பது அவன் தோளை. வட்டத்துக்குள் அவன் முகம் வெளிறியிருந்தது.

"இந்தத் தடவை ரெண்டுல. அவனுங்க மூணுன்னு நினைச்சிட்டு இருப்பானுங்க. கேட்டுதா? ரெண்டுல."

எல்லோருக்கும் கேட்டது. வரிசையில் போய்க் குனிந்தார்கள். லாண்டன் ஐந்து கஜம் பின்னால் நின்று முதல் ஹட்டை உறுமினான். இடது ஓரத்தில் நின்றவன் தப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்து, அவனைக் கையசைத்து நகர்த்தத் திரும்பினான். திரும்பியபடியே, பழக்கதோஷத்தில் இன்னும் மூன்றாவது இருக்கிறது என்ற நினைப்பில், இரண்டாவது ஹட்டையும் உறுமினான். ராய்ஸ் பந்தை அனுப்பினான். பந்து நேராகப் போய், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவனின் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. சிவப்புக்காரன் ஒருவன் அதன்மேல் விழுந்தான். ஆட்டம் முடிந்தது.

முப்பதாயிரம் பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பாதிச் சட்டைக்காரன் குழம்பிவிட்டான், வெள்ளைக்கு ஆடும்போது சிவப்பின் எண்ணிக்கையில் பந்தைக் கொடுத்துவிட்டான். இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? லாண்டன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்றே விளங்காமல் நின்றான். ராய்ஸ் அவனைப் பார்த்தான். பிறகு முன்வரிசைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்தான். வலது கையைத் தூக்கி, தன் மார்பில் தட்டிக் காட்டினான். தப்பு என்னுடையது.

கை இறங்குவதற்குள், அடப்பாவி, என்ன செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் தூக்கிய கையைத் தூக்கவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. ஓரத்தில் நின்ற டேட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனார்.

உடை மாற்றும் அறையில், வெள்ளைக்கு ஆடிய ஓட்டிஸ் அவன் காதருகே சீறினான்.

"ஏன்டா கையைத் தூக்குன? அவன் ரெண்டுன்னுதான சொன்னான்? நாங்க எல்லாரும் ரெண்டுலதான கிளம்புனோம்?"

"விடுடா."

"உன் எடம் போயிடும்டா, லூசு! நான் போய்ச் சொல்லட்டா?"

"சொன்னேன்னு வெச்சுக்க, மூஞ்சியப் பேத்துருவேன்."

ஓட்டிஸ் முணுமுணுத்தபடி தன் அலமாரிக்குப் போனான். சற்றுப் பொறுத்து லாண்டன் தயங்கித் தயங்கி வந்தான். அவனுக்கு நிஜமாகவே சந்தேகமாக இருந்தது.

"ராய்ஸ், நான் வட்டத்துல என்ன சொன்னேன்? மூணுன்னுதானே?"

ராய்ஸ் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "போய் பீன்ஸ் சாப்பிடு, தம்பி. ஆறிடும்."

நாலரை மணிக்கு டேட்டம் கூப்பிட்டனுப்பினார். ராய்ஸ் அலமாரியில் பாதியை அதற்குள் பைக்குள் போட்டிருந்தான். அவர் அறையில் திரை ஓடிக்கொண்டிருந்தது. உயரத்திலிருந்து எடுத்த ஆட்டப் படம். அதில் சத்தமே வராது, ஆட்கள் பூச்சி மாதிரி தெரிவார்கள். டேட்டம் கடைசி மோதலை ஓடவிட்டார். நிறுத்தினார். பின்னால் இழுத்து மறுபடி ஓடவிட்டார்.

"என்ன தெரியுது?"

"பந்து கீழ விழுது, கோச்."

"அது என் பொண்டாட்டிக்கே தெரியும். இங்க பாரு." அவர் விரல் முன்வரிசையின் மேல் நின்றது. "பந்து அசைஞ்ச அதே நொடி உனக்கு ரெண்டு பக்கமும் நாலு பேரும் கிளம்பிட்டானுங்க. நீ தப்பான எண்ணிக்கையில குடுத்திருந்தா இவனுங்க பாட்டுக்குக் குத்துக்கல்லா ஒக்காந்திருப்பானுங்க. அஞ்சு பேரும் ஒண்ணா தப்புப் பண்ணுவானுங்களா? அந்தப் பையன் ஒருத்தன்தான் அசையல."

டேட்டம் அவன் பக்கம் திரும்பினார்.

"அவன் என்ன எண்ணிக்கை சொன்னான்?"

"ஞாபகம் இல்ல, கோச்."

"கன்னுக்குட்டிக்குக் கூட உன்னைவிட நல்லா பொய் சொல்ல வரும்." அவர் இன்னொரு தடவை ஓடவிட்டார். ஐந்து பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். "இந்தக் கல்லூரியில பதினோரு வருஷமா இருக்கேன். அஞ்சு பேர் இப்படி ஒண்ணா எழுந்திரிச்சதை ரெண்டு தடவையோ மூணு தடவையோதான் பார்த்திருக்கேன். கையைத் தூக்குன பாரு, அதுக்காக உன்னை வெச்சுக்கல. அது மடத்தனம். இதுக்காக வெச்சுக்கறேன். உன் பேரை எழுதிட்டேன்."

ராய்ஸ் நிமிர்ந்தான். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தான். டேட்டம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. ஒண்ணு கேட்டுக்கறேன். செப்டம்பர்ல அந்தப் பையன் எம்பதாயிரம் பேர் முன்னாடி நிக்கணும். இப்பவே அவன் மண்டையில இதை ஏத்துனா, அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் நடுங்குவான். அவன்கிட்ட எப்ப சொல்லணும்னு எனக்குத் தெரியும். ஆனா வெளிய நான் வாயைத் திறக்க மாட்டேன். பேப்பர்ல நாளைக்கு உன் பேருதான் வரும். பந்தைக் கோட்டைவிட்டவன்னு. உனக்கு முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, தப்பா நினைக்க மாட்டேன்."

ராய்ஸுக்கு முப்பதாயிரம் பேர் நினைவுக்கு வரவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் ஒரே ஒருவர்தான் வந்தார். அவரிடமாவது சொல்லலாமா என்று கேட்க நினைத்தான். ஆனால் அப்பாவிடம் சொன்னால், அடுத்த நாள் காலை தீவனக் கடைக்குள் நுழைந்ததும் அவர் ஊருக்கே சொல்லிவிடுவார். மகனுக்காக எந்த அப்பாவும் அதைச் செய்வார். இது கசந்தது, நன்றாகவே கசந்தது.

"முடியும், கோச்."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. லூமிர் வண்டிக்குள் கதவைத் திறந்துபோட்டு, முட்டைக்கோசும் கறியும் வைத்த ரொட்டியைக் காகிதத்தோடு மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மகனைப் பார்த்ததும் இன்னொரு ரொட்டியை எடுத்து நீட்டினார்.

"மூணு வருஷத்துல முதல் தடவையா ரேடியோல உன் பேரைச் சொன்னான். அதையும் தப்பா உச்சரிச்சான், கழுதை."

"என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான். ரெண்டு பக்கமும் ஓடிக் கடைசியில குழம்பிப் பந்தைக் கோட்டைவிட்டுட்டான்னு." அவர் மெதுவாக மென்றார். "நெசமாவே குழம்பிட்டியாடா?"

ராய்ஸ் ரொட்டியின் காகிதத்தைப் பிரித்தான். "ஆமாம்பா."

"சரி, விடு. யாருக்குத்தான் கை தவறல? போன வாரம் நானே ஒரு கன்னைக் கீழ விட்டேன்." இருக்கையைத் தட்டிக் காட்டினார். "பையை எடுத்துட்டு வா. வீட்டுல வேலை கிடக்கு. உங்கம்மா உன் ரூமைக் கூட்டி வெச்சிருக்கா."

"வரலப்பா. என்னை அணியில வெச்சுக்கிட்டாங்க."

லூமிர் மெல்வதை நிறுத்தினார். ரேடியோவை அணைத்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"பந்தைக் கீழ போட்டவனையா?"

"ஆமாம்பா."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைச் சொறிந்தார். சந்தோஷப்படத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, ஆனால் கணக்கு இடித்தது. உதவாத மாட்டைக் கட்டித் தீனி போடுகிற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"ஏன்டா, உங்க கோச்சுக்குக் கண்ணு சரியாத் தெரியுமா?"

ராய்ஸ் ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"தெரியும்பா. ரொம்ப நல்லாத் தெரியும்."