வேரில்லாத முடி

…இல்லை, கருவி பொய் சொல்லாது, சொன்னாலும் திரும்பத் திரும்ப ஒரே பொய்யையா சொல்லும் என்று தடயவியல் ஆய்வகத்து நிபுணர் மறுபடி திரையை ஏறிட்டாள். கொலையானவரின் தலையணையில் கிடைத்த முடி, லாக்கப்பில் இருக்கும் டிரைவரின் எச்சில், இரண்டிலும் ஒரே மரபணு வரிசை, அதுவரை சரி, ஆனால் அவற்றின் கீழே அச்சு அசலாக வந்து நிற்பது அவளுடைய வரிசை… ஆய்வகத்து ஆட்களின் முடி எதுவும் தவறிக் கலந்துவிடக் கூடாதே என்று எல்லாருடைய எச்சிலையும் முன்பே வாங்கி வைத்து ஒப்பிடுவது வழக்கம், பேருக்குச் செய்வது, இன்று அது எழுந்து வந்து கையைப் பிடித்துவிட்டது. தன் தலையிலிருந்துதான் உதிர்ந்ததோ? அதுவும் இல்லை, கிடைத்தது இளநரை பாய்ந்த குட்டை முடி, அவளுடையதோ கருகருவென்று இடுப்பைத் தொடுகிறது. அப்படியானால் ஒரே அம்மா வயிற்றில் பிறந்த தம்பி? பல்லியைக் கண்டாலே அலறுகிறவன்… சிரிப்பு வந்தது.

எதிரே இன்ஸ்பெக்டர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். "பொருந்துதுன்னு நேத்து நீங்கதானே மேடம் சொன்னீங்க. அவனேதான்னு எழுதிக் குடுத்தா நாளைக்குக் கோர்ட்ல நிம்மதி." பொருந்துகிறது என்றால் அவனேதான் என்று எடுத்துக்கொண்டாரா… இந்த ஒரு முடியைத் தவிர அவன்மேல் வேறு எதுவுமே இல்லையே, இதற்காகவா ஒரு மனிதனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்? தானாக உதிர்ந்த முடி சார், வேர் இல்லை, வேர் இருந்தால்தான் ஆளைச் சொல்லலாம், இதில் அம்மா வழியாக வரும் மரபணு மட்டும்தான் தெரியும், அந்த வழியில் வந்த எல்லாருக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்றாள். "வேர் இல்லேன்னா என்ன மேடம், முடி முடிதானே."

"என்னோடதும் பொருந்துது சார்."

அவர் சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். "அவன் உங்களுக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும்… அம்மா, அம்மாவின் அம்மா, அவளுக்கும் அம்மா, பெயர் மறந்துபோன பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி மாறாமல் கை மாற்றிக் கொடுத்த வரிசை, எங்கோ, எந்தக் காலத்திலோ ஒருத்தி இரண்டு மகள்களைப் பெற்றிருக்கிறாள், ஒருத்தியின் வழியில் இவள், இன்னொருத்தியின் வழியில் அவன், அந்த முடிக்குச் சொந்தக்காரனும் அவள் பிள்ளைதான், அது இந்த டிரைவராகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்னும் எத்தனை ஆயிரம் பேரோ… ஒரு சொட்டு எச்சிலில் இவ்வளவு கூட்டமா? பயமாக இல்லை, பெரிய கடலின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. 'இம்முடி இன்னாருடையது என்று கூற இயலாது' என்று தட்டினாள், தன் பொருத்தத்தையும் சேர்த்தாள், கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்துவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஆய்வக வராந்தா பெஞ்சில் டிரைவரின் அம்மா, தினமும் காலையில் வந்து உட்கார்ந்துகொள்கிறவள், இவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். இத்தனை நாளும் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன இடம்தான். இன்று கால் நகரவில்லை, 'உக்காருங்க' என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள்.